காணாமல் போன பதினொரு கிலோமீட்டர்

லிட்டருக்கு முப்பது கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, பத்தொன்பதில் வந்து நின்றுவிட்டது.

"அப்போ மீதி பதினோரு கிலோமீட்டரு எங்கதான் போச்சு?" பிள்ளையார்பாளையமே கேட்கும்படி கத்தினார் தனசேகரன்.

"என்னைக் கேட்டா? நானா குடிச்சேன்?" தறியை விட்டு எழாமலே சொன்னாள் மனைவி புவனேஸ்வரி. "சாவி யார் கையில இருக்குதோ அவரைப் போய்க் கேளுங்க."

சாவி இருந்தது சிட்டிபாபு கையில்.

பின்னே என்ன செய்வது? பொழுது விடிந்தால் தனசேகரன் தெருவில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டிவிடுவார்கள். சைக்கிள்கூட நுழைய முடியாது. மலையேறுகிற, தூரதேசம் போகிற அட்வென்சர் டூரிங் பைக்கை அங்கே எப்படி நிறுத்துவது? அதனால் வண்டிக்கு ஜாகை, மெயின் ரோட்டில் மெக்கானிக் சிட்டிபாபுவின் ஷெட்.

லடாக் போகத்தான் வாங்கினார். ஆறு மாதமாக மாகறலும் வேலூரும்தான் போய்வந்துகொண்டிருக்கிறார். அது வேறு கதை.

மைலேஜ் விஷயத்தில் மட்டும் மனுஷன் கறார். டேங்க்கை நிரப்பி, மீட்டரை ஜீரோவில் வைத்து, அடுத்த முறை நிரப்பும்போது வகுத்துப் பார்ப்பார். டயர் காற்று, செயின், ஏர் ஃபில்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சர்வீஸ் சென்டர்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

"வண்டி ஜம்முனு இருக்குது சார். யாராச்சும் பெட்ரோல உருவறாங்களா பாருங்க."

சிட்டிபாபுவா திருடுவான்? முப்பத்தைந்து வருஷமாக வண்டியைத் தொடுகிறவன், ஒரு நட்டுக்குக்கூடப் பொய் சொன்னதில்லையே! ஆனால் சந்தேகம் என்பது வேட்டிக்குள் புகுந்த எறும்பு. உட்கார விடாது.

தனசேகரனுக்கு இந்த மைலேஜ் பைத்தியம் பிடிக்கக் காரணமே கந்தன்தான். பக்கத்துத் தெரு கந்தன். இருபது வயதில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய மோட்டார் பைக் வைத்திருந்தார்கள். கந்தன் ஓட்டுவான், இவர் பின்னால். ஏலகிரி இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குவான், படுபாவி! சட்டைக்குள் காற்று புகுந்து முதுகு உப்பும். ரிசர்வும் தீர்ந்துவிட்டால் வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, அந்த நாலு சொட்டிலேயே வாலாஜா வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடுவான்.

"ஒருநாளு லடாக் போறோம்டா தனசேகரு. எவ்ளோ பெட்ரோலு ஆவும்னு இப்பவே சொல்லட்டா?" என்பான்.

அதெல்லாம் ஒரு காலம்.

இப்போது கந்தனுக்குச் சர்க்கரை முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "அவன அந்தக் கோலத்துல பாக்க எனக்கு மனசு தாங்காதுபா" என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லி, தனசேகரன் கண் கலங்குவார்.

மறுநாள் காலை, தெருவில் பாவு நீட்டுவதற்கு முன்பே ஷெட்டை நோக்கி நடந்தார். கையும் களவுமாகப் பிடிப்பது, சாவியைப் பிடுங்குவது, இனி சிட்டிபாபு மூஞ்சியில் முழிப்பதில்லை. அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷப் பழக்கமாவது, மண்ணாவது!

ஷெட்டின் பின்பக்கத்திலிருந்து இன்ஜின் உறுமல் கேட்டது. அவர் வண்டிதான். அந்தச் சத்தம் தெரியாதா?

சுற்றிக்கொண்டு போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெட்டவெளியில் மெயின் ஸ்டாண்டு போட்டு வண்டி நின்றது. பின்சக்கரம் மட்டும் அந்தரத்தில் சுற்றியது. மேலே கந்தன். கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற ஒற்றைக் காலால் கியரைத் தட்டி, இல்லாத வளைவுக்கெல்லாம் உடம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தான். எதிரே ஒரு டேபிள் ஃபேன். நரைத்த முடி பறந்தது. விழுந்துவிடாமல் இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் சிட்டிபாபு.

தனசேகரனைப் பார்த்ததும் சிட்டிபாபு திடுக்கிட்டார். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

"கால எடுத்ததுலருந்து சரியா சோறு துன்னாம, பேசாம படுத்துக்கினு இருந்தான்பா" என்றார் மெதுவாக. "போன மாசம் என் மொபெட்ல இட்டாந்து, சும்மா இதுல ஏத்தி உக்கார வெச்சேன். அன்னிக்குதான் வாயத் தொறந்து சிரிச்சான். அதுலருந்து தெனம் அரை மணி நேரம். கிலோமீட்டரு முன்சக்கரத்துல இருந்துதான் ஏறும், அதான் உன் கணக்குல வரல. பெட்ரோல நான் திரும்ப ஊத்தி வெச்சிருக்கணும். தப்புதான்."

தனசேகரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடவே கோபமும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நான் வேணான்னா சொல்லுவேன்? அவன் என் உசுருபா! அவனுக்கு ஒண்ணுன்னா நான் வரமாட்டேனா?"

சிட்டிபாபு நிமிர்ந்து பார்த்தார்.

"பெட்ரோலு கொறைஞ்சதும் விடியறதுக்குள்ள ஓடியாந்துட்ட. அவன் கால எடுத்து எட்டு மாசமாவுது தனசேகரு... பக்கத்துத் தெருதானேபா, ஒருநாளாச்சும் போனியா?"