ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோல்

"இனிமே இந்தச் சாவியைக் கேட்காதீங்க, மாப்பிள்ளை."

மருமகன் நீட்டிய கார் சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் மாமனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனாரின் காரை வாங்கி, மனைவியையும் குழந்தையையும் வெளியே அழைத்துப் போவார் மருமகன். இருட்டுவதற்குள் கழுவித் துடைத்து, டேங்க் நிறையப் பெட்ரோலோடு கொண்டுவந்து விடுவார். ஒன்றரை வருட வழக்கம் இது.

"ஏன் மாமா? எங்கேயாவது உரசிடுச்சா?"

"உரசினா பெயின்ட் அடிச்சுக்கலாமே! நீங்க இன்ஜினையே இல்ல கெடுக்கறீங்க. மேட்டுல ஏறினா டிக் டிக்னு தட்டுது."

மருமகன் முகம் சட்டென்று மாறியது. "எந்தெந்த நாள்ல மாமா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மாமனார் நோட்டை விரித்தார். கிடங்கில் முப்பத்தொரு வருடமாகச் சரக்கு இருப்பு எழுதும் கை.

"பார்த்துக்குங்க. திங்கள், செவ்வாய், புதன் சத்தமே இல்லை. வியாழன் சாயங்காலம் டேங்க் பாதிக்கு இறங்குது, நான் நிரப்பறேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் தட்டுது. பதினொரு வாரம் எழுதியிருக்கேன், ஒரு வாரம்கூட மாறலை. இதுக்கு என்ன அர்த்தம்?"

"நீங்களே சொல்லுங்க மாமா."

"நீங்க ஊத்தற மட்டமான பெட்ரோல் அடியில போய்த் தங்கிடுது. நான் மேல ஊத்தினதும் அது கலங்கி இன்ஜினுக்குப் போகுது."

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அவர் என்ன பண்றார்னு தெரியாம நீங்க பாட்டுக்கு..."

"நீ சும்மா இரு" என்று அவள் கையைப் பிடித்தார் மருமகன்.

"ஏன், அவ சொல்லட்டுமே! ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி நாலு ஸ்பார்க் பிளக்கையும் நானே மாத்தினேன். மரையை எண்ணி, நீளத்தை அளந்து, இடைவெளி பார்த்து மாட்டினேன். அப்படிக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கற வண்டி இது. உங்களுக்கு என்ன, ஓசி வண்டி. எந்தத் தண்ணியை ஊத்தினா என்ன?"

சொன்ன பிறகு, அவருக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் கூச்ச சுபாவக்காரர். பேசவே தயங்குகிறவருக்கு, பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இன்னும் தயக்கம்.

மருமகன் தூங்கிய குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "வர்றோம் மாமா." மூன்று பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மகள் போனில் இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவாள். பேத்தியின் குரல் பின்னால் எங்கோ கேட்கும்.

"வண்டி பத்திரமா இருக்கில்ல? பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக்குங்க" என்றாள் மாமனாரின் மனைவி.

பன்னிரண்டு ஞாயிறுகள் போயின.

ஒரு விஷயம் மட்டும் அவர் கணக்கில் ஒட்டவில்லை. மருமகன் பெட்ரோல் ஊற்றுவதை நிறுத்திய பிறகு, வண்டி வாரம் முழுக்கத் தட்டியது. 'போகும்போது ஒரேயடியாகக் கெடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பதின்மூன்றாவது வாரம் மேட்டில் கார் உதறி உதறி நின்றது. வேறு வழியில்லாமல் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

மெக்கானிக் ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்து, முனை பொரிந்திருந்தது.

"இதை யார் சார் மாட்டினது?"

"நான்தான். அளவெல்லாம் சரியா இருக்கே?"

"அளவு சரி, மரையும் சரி. ஆனா இது ரொம்பச் சூடேறுற ரகம், உங்க இன்ஜினுக்கு ஆகாது. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும். மேல இருக்கற நம்பர்ல ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்."

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரே ஒரு எண். மரையைக்கூட எண்ணியவர், அதைப் படிக்கவில்லை.

"இதை வெச்சு ஒன்றரை வருஷம் திங்கள், செவ்வாய், புதன்ல சத்தமில்லாமத்தானே ஓட்டினேன்?"

"அப்படின்னா உயர்ந்த ரகப் பெட்ரோல் போட்டிருப்பீங்க. அது இந்தச் சூட்டையும் கொஞ்சம் தாங்கும். சாதா பெட்ரோல்னா மறுநாளே தட்ட ஆரம்பிச்சுடும்."

"நான் எப்பவும் சாதாதான்..." என்று தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்தினார். வியாழக்கிழமை பெட்ரோல் ஊற்றியது அவர். வெள்ளிக்கிழமை தட்டியது வண்டி.

மெக்கானிக் முன்பக்கம் போய் நம்பர் பலகையைப் பார்த்தார். "அட, நம்ம வண்டி! உங்க மாப்பிள்ளை ஒரு தடவை இங்க கொண்டுவந்தாரு சார். இடுப்புல ஒரு பாப்பா, சிரிச்சுக்கிட்டே இருக்கும்."

"ஆமா" என்றார் மாமனார்.

"அன்னைக்கே இந்தப் பிளக்கைக் காட்டினேன். அரை மணி நேர வேலை, இப்பவே மாத்திடலாம்னேன். கேட்கலையே மனுஷன்."

"ஏன்... ஏன் வேண்டாம்னார்?"

மெக்கானிக் பிளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் கேட்டுக்கிட்டாரு சார். 'மாமா ஆசை ஆசையா அவர் கையால மாட்டினது. தப்புன்னு தெரிஞ்சா கூனிக் குறுகிப் போயிடுவார், அப்புறம் ஸ்பேனரையே தொட மாட்டார். நல்ல பெட்ரோலா வாராவாரம் நான் ஊத்திக்கறேன், அவர் நல்லா மாட்டியிருக்கார்னே இருக்கட்டும்'னாரு."