பதிவேட்டின் முதல் பெயர்

வாசித்து முடித்த பிறகும் அவள் மேடையை விட்டு இறங்கவில்லை.

வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. நூற்றெழுபத்தைந்தாம் வருஷம். சேகரத்துச் சபையின் வரலாற்றை எழுதியவளே வாசிக்கட்டும் என்று கமிட்டியார் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். அவள் தெற்குத் தெருக்காரி. ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்.

எழுதியதில் ஒரே ஒரு வரியைத்தான் அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் ஒன்பது மாதம் பழைய பதிவேடுகளோடு மல்லுக்கட்டினாள். அது அவர்களுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் முதல் பெயர் பேச்சி. சாராள் என்று பெயர் மாறியவள். தெற்குத் தெரு விதவை. இந்த ஊரின் முதல் ஆராதனை அவளுடைய மாட்டுத் தொழுவத்தில்தான் நடந்தது.

ஆறு வருஷம் கழித்து வடக்குத் தெருக்காரர்கள் வேதத்துக்கு வந்தார்கள். அவர்கள் தெற்குத் தெருத் தொழுவத்துக்குள் கால் வைப்பார்களா? அப்போதிருந்த வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் வடக்கே கல்லால் கோயில் கட்டினார், கோபுரத்தோடு. அதில் சாராளுக்குக் கடைசியில் இடம். தரையில்.

சாராளின் வம்சம்தான் இந்த டீச்சர்.

“நல்ல நாளும் அதுவுமா இந்தப் பழச எதுக்கு டீச்சர் கிண்டணும்?”

போன வாரம் இப்போதைய ஐயர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

கையிலிருந்த அச்சடித்த தாளில் துரைமார் பெயரெல்லாம் இருந்தது. கப்பலில் வந்த கோபுர மணிக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. சாராள் இருந்த இடத்தில் ‘ஓர் ஓலைக் கொட்டகை’ என்று இருந்தது.

தாளை மடித்தாள்.

“ஒரு வரி விட்டுப்போச்சு” என்றாள் மைக்கில். “அந்தக் கொட்டகை...”

ஐயர் பாடகர் குழுவைப் பார்த்தார்.

பார்த்ததோடு சரி. கீபோர்டு முழங்கியது. ஞானப்பாட்டு எழும்பியது.

சபை எழுந்து நின்றது. பாட்டு என்றால் எழுந்திருக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கிற வயதிலேயே பழகிய பழக்கம்.

வடக்குத் தெரு எழுந்தது. எழட்டும்.

தெற்குத் தெருவும் எழுந்தது. அவளுடைய சொந்தத் தங்கை ரூபி எழுந்தாள், அதுவும் முதல் ஆளாக. ஊரிலேயே நல்ல குரல் தெற்குத் தெருவுக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு மனதாரப் பாடினார்கள்.

“சாராள்” என்றாள் அவள்.

இன்னும் ஒரு தடவை சொன்னாள்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை. அவ்வளவு பாட்டுக்கு நடுவே வெறும் பேச்சு எடுபடவில்லை. தெற்குத் தெரு முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒருவராவது வாயை மூடுவார்களா என்று பார்த்தாள்.

பாட்டு அவளுக்கும் பிடித்த பாட்டு. அம்மா சாவுப் படுக்கையில் பாடச் சொல்லிக் கேட்ட பாட்டு.

மூன்றாம் சரணத்தில்தான் கவனித்தாள். கோபுரத்து ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக, தெளிவாக, இரண்டு தெருவுக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அது அவளுடைய குரலேதான். பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்தாள்.