அக்கரை ஜல்லி

வண்டைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார் தொப்பி.

தொப்பி என்றால் பேராசிரியர். படகுத்துறைச் சுமைக்காரர்கள் நாங்கள் வைத்த பெயர். மிளகளவு கறுப்பு வண்டுக்காக முப்பது வருஷம் தலையில் தொப்பியோடு அக்கரையில் கல்லைப் புரட்டிய மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைக்க?

"பெரியவரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அக்கரைத் தீவுலேர்ந்து இங்க யாராச்சும் கல்லோ மண்ணோ கொண்டாந்தாங்களா?"

பக்கத்தில் என் மகள் நின்றாள். மூன்று வருஷமாக அவரிடம்தான் ஆராய்ச்சி. இந்த வண்டு இங்கே எப்படி வந்தது என்று நிரூபித்தால்தான் அவளுக்குப் பட்டம். நான் சொல்வதுதான் சாட்சி.

தொப்பியின் கதை ஊரறிந்தது. வண்டுக்கு இறக்கை இல்லை. உப்புத் தண்ணீர் பட்டால் செத்துவிடும். ஆகவே இரண்டு தீவும் ஒரு காலத்தில் ஒரே நிலம். நடுவில் தரை இறங்கிக் கடல் புகுந்தது. வண்டுகள் அண்ணன் தம்பி பாகம் பிரிந்ததுபோல் ஆளுக்கொரு கரையில் நின்றுவிட்டன.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாங்கள் நிற்கிற இந்தத் துறைக்குக் கொட்டிய ஜல்லி முழுக்க அக்கரையுடையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எட்டு மாதம் சுமந்தோம். ஈர மண்ணோடு, வேரோடு, புழுபூச்சியோடு. இதே வண்டு என் கழுத்தில் ஊர்ந்திருக்கிறது. தட்டிவிட்டிருக்கிறேன். ஒப்பந்தக்காரன் செத்துப்போனான். சுமந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்தன்.

சொன்னால் தொப்பி கவிழ்ந்துவிடுவார். கூடவே என் மகளும்.

காலையில் அவள் ஏதோ விளக்க வந்தாள். பூச்சிக் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்று விரட்டினேன். "சரி, கேட்டா உள்ளதச் சொல்லுப்பா, போதும்" என்றாள். உள்ளதைச் சொன்னால் தன் தலையில் மண் விழும் என்றுகூடத் தெரியவில்லை. இதுவும் ஒரு படிப்பு.

"ஒரு கல்லுகூட வரலைங்க. எல்லாம் இங்க உடைச்சதுதான்."

தொப்பிக்கு முகமெல்லாம் பல். நோட்டில் எழுதி, என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். படித்தவனை ஏமாற்ற இவ்வளவு குறைந்த வேலை போதுமா?

பிறகு என் மகள் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பாவே சொல்லிட்டாரும்மா. இந்தத் தீவு கடலுக்கடியிலேர்ந்து தனியா எழும்பினது, எதோடயும் ஒட்டினதே இல்ல, வண்டு ஜல்லியிலதான் வந்துச்சுன்னு மூணு வருஷமா எங்கூட மல்லுக்கு நின்னியே. எழுதினதக் கிழிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து ஆரம்பி."

அவள் நோட்டிலிருந்த என் கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

தொப்பியை நான் இத்தனை வருஷமாகப் பார்த்த பார்வை அது.

"சார், அந்த ஜல்லிய நாந்தான்..." என்று ஆரம்பித்தேன்.

தொப்பி சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

"பெத்த பாசத்துல பொய் சொல்லாதீங்க பெரியவரே."