பச்சை முள்

நிஹாலின் தட்டில் மீன் துண்டு பிளந்தபோது உள்ளே முள் பச்சையாக இருந்தது.

சாயத்தில் முக்கியெடுத்த மாதிரி கிளிப்பச்சை.

அவன் அப்பா சைபுதீனுக்கு வாயில் போட்ட சோறு அப்படியே நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் கூடி வந்திருந்தது. மட்டாஞ்சேரியில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஆஸிம், தன் மகள் நிஸாவை நிஹாலுக்குக் கொடுக்கத் தலையாட்டி, நிக்காஹ் தேதி வரைக்கும் பேசிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வைத்திருந்தார். பாலக்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் போன இடமெல்லாம் தட்டிப்போன பையன். இதையும் விட்டால் சைபுதீனுக்குக் கேட்டுப் போக வேறு வாசல் இல்லை.

பையன் துண்டை வாய்க்குக் கொண்டுபோனான்.

சைபுதீன் ஓங்கித் தட்டிவிட்டார். மீன் பறந்து சுவரில் ஒட்டி, மெதுவாக வழுக்கி, நிஸாவின் தாய் ஜுமைலாவின் காலடியில் விழுந்தது.

"தின்னாதேடா, விஷம். முள்ளைப் பாரு."

அத்தோடு விடவில்லை. மகனின் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். கல்யாண மாப்பிள்ளை, பெண் வீட்டார் முன்னால், ஆவென்று வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தான்.

வேறு யாரும் பதறவில்லை. அதுதான் அவரை இன்னும் பதற வைத்தது.

"பேடிக்காதீங்க இக்கா," என்றாள் ஜுமைலா. "கோலான் மீனு. உங்க தமிழ்ல முரல். முள்ளு பச்சையாத்தான் இருக்கும். மஸ்கட்ல என் தம்பி வாங்கறதும் இதே பச்சைதான். கடல்ல கால் நனைச்ச எல்லாருக்கும் தெரி..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். கணவரைப் பார்த்தாள்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கிளம்பிய சிரிப்பும் சட்டென்று அடங்கியது.

சைபுதீன் மகனின் வாயிலிருந்து விரலை எடுத்தார். கடைக்காரர், ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்ள அவருக்கு நேரம் பிடிக்காது. மாட்டினார். அது முகத்தில் தங்கவில்லை.

ஆஸிம் சோறு பிசைவதை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. நல்ல சரக்கு என்று சொல்லிக் கொடுத்த பெட்டியின் அடித்தட்டைக் கிளறிப் பார்க்கிறவரின் நிதானம்.

"பொன்னானிக் கடல்ல உங்க குடும்பத்துக்கு மூணு தலைமுறையா மீன்பிடி போட் ஓடுதுன்னு சொன்னீங்களே இக்கா, அதுல என்ன பிடிக்கிறாங்க?"