கடைசிப் பதினெட்டாயிரம்

உப்புக் கம்பெனிக்குச் சுடலைமுத்து இன்னும் அடைக்க வேண்டிய கடன் பதினெட்டாயிரம் ரூபாய். ஆள் செத்து மூன்று வருஷமாகிறது. அவர் குரலையும் வேலைப் பழக்கத்தையும் ஏற்றிவைத்த பெட்டி அவர் நாற்காலியில் இருந்தே கணக்கெழுதிக் கடனைக் கழித்துக்கொண்டிருந்தது. வீட்டு ஞாபகம் எதுவும் அதற்குக் கிடையாது. கடன் தீர்ந்ததும் அணைத்துவிடுவார்கள். சாயங்காலமானால் அவர் மனைவி இசக்கியம்மாள் போன் போட்டு, "வணக்கம், கணக்குப் பிரிவு" என்று அது சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

மகள் மாரிச்செல்வி வேலை கேட்டு வந்தபோது நேர்காணல் செய்ததும் அந்தப் பெட்டிதான்.

"கடன் பேரேட்டுல பதினெட்டாயிரம் உதைக்குது. ஒரு பக்கம் மட்டும் எனக்குத் திறக்காது. பிழையைச் சொன்னா வேலை உங்களுக்கு."

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அப்பாவின் பக்கம். கடன் சீட்டுப்படி அவர் வாங்கியது 3,46,000. பேரேட்டில் எழுதியிருந்தது 3,64,000.

"என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி முழிக்கீங்க?"

அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. ஆனால் செத்த மனுஷன் இன்னும் எவ்வளவுதான் உழைப்பார்?

"எண் இடம் மாறி விழுந்திருக்கு. வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா மொதல்ல அதைத்தான் பாக்கணும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கப்பா."

"நல்ல கணக்கப்பிள்ளையா இருந்திருப்பாரு."

மேனேஜர் வந்து 'பாக்கி இல்லை' என்று எழுதிவிட்டுப் பெட்டியை அணைத்தார்.

சாயங்காலம் அதே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க, போன் அடித்தது.

"வணக்கம், கணக்குப் பிரிவு" என்றாள்.

அன்றைக்கு இசக்கியம்மாள் போனை வைக்கவே இல்லை.