வாய் பொத்தும் தவளை

ஒரு குட்டையில் ஏழு தவளைகள் இருந்தன. அதில் ஒன்றுக்குக் கத்தவே வராது. ஒன்று கத்தும்போது இன்னொன்று குறுக்கே கத்தினால் ஓடிப்போய் அதன் வாயைப் பொத்தி, "இருப்பா, அவன் சொல்லி முடிக்கட்டும்" என்று மெல்லச் சொல்லும். அதனால் ஒன்று கேட்க, இன்னொன்று பதில் சொல்ல, நடுவில் விழும் அமைதியில் எல்லாம் காது கொடுத்து, இரை தேடும் பாம்பு எந்தப் பக்கம் வருகிறது என்று கண்டுபிடித்துவிடும்.

"பொத்துறதைத் தவிர உனக்கு என்னதான் தெரியும்?" என்று ஒருநாள் எல்லாம் சேர்ந்து அதைத் துரத்திவிட்டன.

சாயங்காலம் மழை பிடித்தது. ஆறு தவளைகளும் ஒரே நேரத்தில் ஆசை தீரக் கத்தின. நிறுத்தத்தான் எதற்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஐந்து குரல்தான் கேட்டது. அப்புறம் மூன்று.

கடைசித் தவளைக்குத்தான் பின்னால் வந்த சரசரப்பு காதில் விழுந்தது.

"யாராவது வந்து என் வாயைப் பொத்துங்களேன்!" என்று அது இன்னும் சத்தமாகக் கத்தியது.