எழுதிக்கொடுத்த குரல்

தணிகாசலம் "வாங்..." என்று தொடங்கியதுமே அவர் கழுத்துப் பட்டை வீலென்று அலறியது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடம் மேலாளராக இருந்தவர். விலகி மாவு மில் தொடங்கியபோது, அவருடைய வரவேற்புக் குரலையும் சிரிப்பையும் கடை எழுதி வாங்கிக்கொண்டது. மீறினால், கடை மாட்டிவிட்ட பட்டை அலறும். மூன்றாம் முறை அலறினால் மில்லுக்குப் பூட்டு. இது இரண்டாவது.

அவர் வாயை இறுக்கிக்கொண்டு கைகூப்பினார். மனைவி வசுமதிதான் எல்லோரையும் உட்காரவைத்தாள். மகள் தமயந்தி காபி கொண்டுவந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் காபியைத் தொடாமலே எழுந்தாள்.

"உங்க வீட்டுக்காரரோட பழைய கடைக்கு நேத்துதான் போனோம். வாசல்ல நிக்கிற மெஷின்கூட வாய் நிறைய வாங்கன்னு கூப்பிட்டுச்சு. பொண்ணப் பெத்தவருக்கு அது வரலையே!"